இறால் தீவனத்தில் பாசி நிறமி: பலன் எது, விளம்பரம் எது?

வேகவைத்த இறாலுக்குச் சிவப்பு தருவது அஸ்டாக்சாந்தின் என்ற கரோட்டினாய்டு நிறமி. உயிரோடு இருக்கும்போது இது ஓட்டில் ஒரு புரதத்தோடு பிணைந்து நீலச் சாம்பலாகத் தெரிகிறது. சூடு பட்டுப் புரதம் சிதைந்ததும் நிறமியின் சொந்தச் சிவப்பு வெளிப்படுகிறது. இறாலின் உடல் இந்த நிறமியைப் புதிதாக உருவாக்காது. பாசியையும், பாசியைத் தின்னும் சிற்றுயிர்களையும் உண்டுதான் பெற வேண்டும். உண்ட பீட்டா கரோட்டினை அஸ்டாக்சாந்தினாக மாற்றிக்கொள்ளும் திறன் மட்டும் அதற்கு உண்டு.

பண்ணையில் இந்த வரத்து சுருங்குகிறது. குட்டைத் தண்ணீரில் பாசி நன்றாகப் பிடித்திருந்தால் ஓரளவு கிடைக்கும். குஞ்சுகளை நெருக்கமாக விட்டு முழுக்கத் தீவனத்தையே நம்பும்போது பற்றாக்குறை தலைகாட்டும். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் வரி இறால் பண்ணைகளில் இறால்கள் நீலம் பாரித்ததற்கு இதுவே காரணம் என்று கண்டறியப்பட்டது. அஸ்டாக்சாந்தின் கலந்த தீவனம் கொடுத்த சில வாரங்களில் நிறம் திரும்பியது. அறுவடைக்கு முன் நாலைந்து இறாலை எடுத்து உப்புநீரில் கொதிக்க வைத்தாலே குறை தெரிந்துவிடும்: நிறமி போதுமானது நல்ல செம்மஞ்சளாக வரும், நிறமி போதாதது வெளிறிய மஞ்சளாக நிற்கும். வாங்குபவர் விலையைக் குறைப்பது இந்த இடத்தில்தான்.

சந்தையில் கிடைக்கும் அஸ்டாக்சாந்தினில் பெரும்பகுதி பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து ஆலையில் தயாராவது. பாசி வழியில் வருவது ஹெமட்டோகாக்கஸ் என்ற நன்னீர்ப் பாசியிலிருந்து. முதலில் சத்துநீரில் பச்சையாகப் பெருக விடுவார்கள். பிறகு நைட்ரஜனை நிறுத்திக் கடும் வெளிச்சத்தில் வைத்தால், செல் தடித்த சுவருக்குள் சுருண்டு, தற்காப்புக்காக நிறமியைச் சேர்க்கும். உலர்ந்த எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குகூட நிறமியாகிவிடும். அந்தச் சுவரை உடைக்காத பொடி, இறாலின் குடலில் சரியாகச் செரிக்காமல் வெளியேறும். இரண்டு கட்ட வளர்ப்பும் சுவர் உடைப்பும் சேர்ந்து இதைச் செயற்கை நிறமியைவிடப் பல மடங்கு விலையுள்ளதாக்குகின்றன. பீட்டா கரோட்டின் தரும் டுனலியல்லா பாசி உவர்நீரில் வளர்வது. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களின் முற்றிய பாத்திகளில் தண்ணீர் செம்மையேறுவதில் அதற்கும் பங்குண்டு. தமிழகப் பண்ணைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த மூலப்பொருள் மீது இன்னும் கூடுதல் கவனம் விழலாம்.

நோய் எதிர்ப்பு பற்றிய பேச்சில்தான் விளம்பரம் அறிவியலை முந்துகிறது. இறாலுக்கு மனிதர்களைப் போல எதிர்ப்பொருள் உருவாக்கி நினைவில் வைக்கும் அமைப்பு கிடையாது. அதன் ரத்த அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் கூறுகளை உமிழ்ந்து தாக்குகின்றன. அவை கிருமியோடு சேர்த்து இறாலின் திசுவையும் அரிக்கும். கரோட்டினாய்டுகள் இந்தச் சேதத்தைத் தணிக்கின்றன. தைவான் ஆய்வுகளில் அஸ்டாக்சாந்தின் உண்ட வரி இறால் குஞ்சுகள் அம்மோனியாவையும் உப்புத்தன்மையின் திடீர் மாற்றத்தையும் கூடுதலாகத் தாங்கின. தாய்லாந்தில் 2005-இல் வெளியான ஆய்வு, டுனலியல்லா சாறு கலந்த தீவனம் வெண்புள்ளி வைரஸ் தாக்கிய இறால்களின் பிழைப்பைக் கூட்டியதாகக் காட்டியது.

இந்தச் சோதனைகள் பெரும்பாலும் தெளிந்த நீர்த் தொட்டிகளில் நடப்பவை. ஒப்பீட்டுக்கு வைக்கும் இறாலுக்குத் தீவனத்தில் நிறமி சேர்க்கப்படுவதில்லை, தொட்டியில் பாசியும் இல்லை. பட்டினி கிடந்ததற்குச் சோறு போட்டால் தெம்பு வருவது இயல்பு. பாசி உள்ள திறந்த குட்டையில் அதே அளவு பலனை எதிர்பார்ப்பது மிகை. வைரஸைக் கொல்லவோ, வளர்ச்சியை முடக்கும் இஎச்பி என்ற நுண் ஒட்டுண்ணியைக் குணப்படுத்தவோ எந்த நிறமியாலும் ஆகாது. சோதித்த குஞ்சு, கிருமிநீக்கிய நீர், நிற்காமல் ஓடும் ஏரேட்டர் ஆகியவை இல்லாத பண்ணையில் இது வீண் செலவு. தாய் இறால் பராமரிப்பில் மட்டும் செலவுக்கு வலுவான நியாயம் இருக்கிறது. முட்டைக்கும் குஞ்சுக்கும் நிறமி தாயிடமிருந்தே போகிறது.

கணக்கும் எளிதுதான். கிலோ தீவனத்துக்கு 50 முதல் 100 மில்லிகிராம் என்பது ஆய்வுகளில் வழக்கமான அளவு. 2 சதவீத நிறமியுள்ள பொடியானால், ஒரு டன் தீவனத்தில் 100 மில்லிகிராம் வீதம் கலக்க 5 கிலோ வேண்டும். நிறத்துக்காக மட்டுமென்றால் கடைசி நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்தால் போதும். வெயிலும் சூடும் காற்றும் நிறமியை அழிப்பதால், வாயைத் திறந்துபோட்ட மூட்டை சில வாரங்களில் வெறும் மாவாகிவிடும்.

ஆனால் பொடியில் உண்மையில் எத்தனை சதவீதம் நிறமி என்று தெரியாவிட்டால் இந்தக் கணக்குக்கே பொருளில்லை. தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் கலக்காத இடுபொருள்களுக்குச் சான்று தரும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம், நிறமியின் அளவு, மூலப் பாசியின் பெயர், காலாவதித் தேதி ஆகியவற்றை மூட்டையில் அச்சிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும். ‘நோய் எதிர்ப்பு’ என்று விற்பவர்கள், குட்டையில் நடத்திய சோதனை முடிவைக் காட்டிய பிறகே அப்படி எழுத அனுமதிக்க வேண்டும்.