"புரிந்தது, ஸார்!"

பாடம் முடிந்ததும் வகுப்பில் "புரிந்ததா?" என்று நாம் கேட்பது வழக்கம். "புரிந்தது, ஸார்!" என்று நாற்பது குரல்கள் ஏககாலத்தில் எழும். அந்தப் பதிலின் மதிப்பு பரீட்சைத் தாளில்தான் வெளியாகும். கைப்பேசித் திரையில் "அநுமதிக்கலாமா?" என்று தோன்றும் கேள்விக்கு நாம் கொடுக்கும் "சரி"யும் இந்த ரகத்தைச் சேர்ந்ததே.

பிரவுஸர் என்பது கண்டிப்பான காவல்காரன். நெட்ஸ்கேப் பிரவுஸர் அந்நாளில் வகுத்த விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது: ஒரு தளத்தின் நிரல், வேறொரு தளம் தரும் பதிலை அதன் சம்மதமின்றிப் படிக்கலாகாது. இந்தக் காவலைத் தாண்டி, எந்த யந்திரத்துடனும் எந்த பாஷையிலும் நேரே பேசும் வாய்க்குத்தான் ஸாக்கெட் என்று பெயர். தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்கவும், பழைய பிரிண்டரை வேலை வாங்கவும் அது மிகவும் ஸௌகரியமானது. வலைத்தளங்களுக்கும் அதைக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள்.

அபாயம் என்னவென்றால், நம் வீட்டு ரௌட்டரும், பிரிண்டரும், காமிராவும் வீட்டுக்குள்ளிருந்து வரும் பேச்சை அநேகமாய்ச் சந்தேகிப்பதில்லை. வெளியிலுள்ள அந்நியனைத் தடுக்கலாம். நாம் திறந்த பக்கத்தின் நிரலோ நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. வீட்டுக்குள்ளிருந்தே கொல்லைத் தாழ்ப்பாளை நீக்குகிறவனைத் தடுப்பது யார்?

"அநுமதி கேட்டால் போயிற்று!" என்பார்கள். "இந்தத் தளம் 192.168.1.1 என்ற முகவரியுடன் பேச விரும்புகிறது, சம்மதமா?" என்று கேட்டால், பேரனின் படத்தைப் பார்க்கத் துடிக்கும் பாட்டி என்ன சொல்வாள்? "சரி" என்றுதான் சொல்வாள். கேள்வியே விளங்காத இடத்தில் சம்மதம் ஏது?

மொஸில்லா ஸ்தாபனத்தார் இந்த ஏற்பாடு தீங்கானதென்று மதிப்பிட்டனர். குரோம் பிரவுஸர் 2024-ல், 131-ம் பதிப்பில், இதை அளித்தபோது எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிடவில்லை. கையெழுத்து முத்திரையுடன் முழு மூட்டையாகக் கட்டி நிறுவப்படும் தனிப்பட்ட செயலிகளுக்கே அந்த உரிமை. முத்திரையிட்டவர் அனைவரும் யோக்கியர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், நேற்றுச் சோதித்த மூட்டையின் உள்ளே இன்று யாரும் ஓசையின்றிச் சரக்கை மாற்ற முடியாது. பொறுப்புச் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

இதுவே நியாயம் என்பது நம் அபிப்பிராயம். "சரி" என்று சொல்கிறவரிடம் பழியைப் போடுவதைவிட, கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை முன்கூட்டியே வரையறுப்பது மேல்.

இதனிடையே நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ரௌட்டர் வாங்கியபோது அதனுடன் வந்த ரகசியச் சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.

புரிந்ததா?