கப்பலில் ‘ஃபார்மல் நைட்’: வேட்டி கட்டிப் போனால் உள்ளே விடுவார்களா?

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பிள்ளைகள் சேர்ந்து சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் நான்கு இரவு டிக்கெட் போட்டுவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு மெயிலில் வந்த பிடிஎஃப்-ஐத் திறந்தால், இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘ஒரு இரவு ஃபார்மல் நைட். அதற்கேற்ற உடையில் வரவும்.’ கல்லலிலோ காரைக்குடியிலோ வாழ்நாள் முழுக்க வெள்ளை வேட்டியில் இருந்தவரிடம், “அப்பச்சி, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் பேன்ட், கோட் போட்டுக்குங்க” என்று யார் போய்ச் சொல்வது?

இது ஏதோ பணக்காரர்கள் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. இஎம்ஐ போட்டாவது பெற்றோரை ஒருமுறை கப்பலில் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு இந்த உடை விதி புதுசு. அதில் என்ன இருக்கிறது, நம் ஊர் உடைக்கு அதில் இடம் உண்டா?

ஃபார்மல் நைட் என்றால் என்ன?

ஏழு இரவுப் பயணம் என்றால், பொதுவாக ஒன்று அல்லது இரண்டு இரவுகளில் மெயின் டைனிங் ரூமுக்கு எல்லோரும் உடுத்திக்கொண்டு வரவேண்டும். ஆண்களுக்கு டக்சீடோ அல்லது டார்க் சூட், டை. பெண்களுக்கு ஈவினிங் கவுன் அல்லது அதற்கு இணையான உடை. அன்றைக்குத்தான் கேப்டன் பயணிகளை வரவேற்பார், போட்டோகிராபர்கள் மாடிப்படி ஓரம் நிற்பார்கள், மெனுவும் கொஞ்சம் விசேஷமாக இருக்கும்.

எல்லாக் கப்பலிலும் ஒரே கண்டிப்பு கிடையாது. மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

• கண்டிப்பானவை: பிரிட்டனின் குனார்ட் (குயின் மேரி 2 இவர்களுடையது) இதற்கு ‘காலா ஈவினிங்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அன்று மாலை 6 மணிக்கு மேல் அந்த உடையில் இல்லாதவர்கள் பஃபே, பப் போன்ற சில இடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

• நடுவாந்தரம்: ராயல் கரீபியன், கார்னிவல் போன்றவை. கார்னிவல் இதை ‘குரூஸ் எலிகன்ட்’ என்கிறது. சூட் இருந்தால் நல்லது. முழுக்கைச் சட்டை, பேன்ட்டும் போதும்.

• விதியைக் கைவிட்டவை: நார்வீஜியன் 2000-இலேயே ‘ஃப்ரீஸ்டைல்’ என்று அறிவித்து ஃபார்மல் நைட் கட்டாயத்தை எடுத்துவிட்டது. செலிபிரிட்டி 2015-இல் ‘ஈவினிங் சிக்’ என்று தளர்த்தியது. வைக்கிங் கடல் கப்பல்களில் ஃபார்மல் நைட்டே இல்லை.

போக்கு தளர்வை நோக்கித்தான் இருக்கிறது. ஆனால் தளர்வு என்பது பெரும்பாலும் டக்சீடோவிலிருந்து பேன்ட்-சட்டைக்கு இறங்குவது. வேட்டி அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1865-இல் லண்டன் சேவில் ரோவில் உள்ள ஹென்றி பூல் என்ற தையற்கடை, அப்போதைய வேல்ஸ் இளவரசருக்கு (பின்னாளில் ஏழாம் எட்வர்ட்) வால் இல்லாத குட்டையான கோட் ஒன்றைத் தைத்துக் கொடுத்தது. அதுதான் டின்னர் ஜாக்கெட்டின் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. 1886 வாக்கில் நியூயார்க் பக்கத்து டக்சீடோ பார்க்கில் அது பரவ, ஊர்ப் பெயரே உடைப் பெயரானது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் அது சௌகரியத்துக்காகக் கண்டுபிடித்த ‘கேஷுவல்’ உடை.

கப்பலில் அது முதல் வகுப்புக்காரர்களின் அடையாளமானது. இரவுச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டு வருபவர் மேல்தளம், மாற்றத் தேவையில்லாதவர் கீழ்த்தளம்.

அந்தக் கீழ்த்தளத்தில் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் 5,000-க்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது; கேபின் பயணிகள் சில டஜன் பேர்தான். டெக்கில் பாய் விரித்துப் படுத்தவர்களிடம் யாரும் உடை விதி பேசவில்லை. மேலே உள்ள டைனிங் ரூமுக்கு அவர்கள் போகவே போவதில்லை என்பதால்.

செட்டிநாட்டுக்குக் கப்பல் பயணம் புதுசே இல்லை. கல்லல் உட்பட நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள் மூன்று ஆண்டு கணக்கில் அங்கேயே இருந்து பெட்டியடியில் உட்கார்ந்தார்கள். 1930-இல் வெளியான பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கை, அங்கே சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்ததாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் அந்தக் கடைகளில் முதலாளியும் ஏஜென்ட்டும் வேட்டி, துண்டோடுதான் இருந்தார்கள். நம்பகமான ஆள் என்பதற்கு அந்த வெள்ளை வேட்டியே விசிட்டிங் கார்டு. தொழில் நடத்தப் போதுமானதாக இருந்த உடை, கப்பலின் சாப்பாட்டு அறைக்குப் போதவில்லை.

இப்போது மாறியிருப்பது ஒன்றுதான்: அதே ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கி, நேராக அந்த டைனிங் ரூமுக்கே போகிறார்கள்.

அப்படியென்றால் வேட்டிக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. பல ஃபார்மல் உடை விதிகளில் கடைசியில் ஒரு சின்ன வரி வரும்: ‘தேசிய உடையும் ஏற்கப்படும்.’ குனார்ட் போன்ற கண்டிப்பான நிறுவனமே அதை ஏற்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் ‘கில்ட்’ என்ற கட்டம்போட்ட பாவாடையோடு டைனிங் ரூமுக்குள் நடந்துபோவது இந்த வழியில்தான்.

இந்த வரிக்கு இருக்கும் மதிப்பை 2019 டிசம்பர் 10-ஆம் தேதி உலகமே பார்த்தது. நோபல் பரிசு விழாவின் உடை விதி டக்சீடோவைவிடக் கண்டிப்பானது. வால் வைத்த கோட், வெள்ளை பௌ டை. அங்கேயும் தேசிய உடைக்கு அனுமதி உண்டு. பொருளாதாரப் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜி வேட்டியும் கறுப்பு பந்த்கலா கோட்டுமாக மேடையேறினார். உடன் பரிசு பெற்ற மனைவி எஸ்தர் டஃப்லோ, பிரெஞ்சுக்காரர், சேலை கட்டியிருந்தார். ஸ்வீடன் மன்னர் கையால் பரிசு வாங்கப் போதுமான உடை, கப்பல் சாப்பாட்டுக்குப் போதாதா என்ன?

இந்தியக் கடற்படையும் 2024 பிப்ரவரியில் அதிகாரிகள் மெஸ்ஸிலும் மாலுமிகளின் இன்ஸ்டிட்யூட்டிலும் குர்தா-பைஜாமாவை அனுமதித்தது. பிரிட்டிஷ் காலத்து மெஸ் வழக்கம் அங்கேயே தளர்ந்திருக்கிறது.

சேலைக்குப் பொதுவாகச் சிக்கலே வருவதில்லை. பட்டுதான் வேண்டும் என்றும் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய காரைக்குடி கண்டாங்கி பருத்திச் சேலைதான். ஆனால் அதன் அகலக் கரையும் கட்டமும் அழுத்தமான நிறமும் எந்த கவுனுக்கும் பக்கத்தில் தனித்து நிற்கும்.

சிக்கல் ஆண்கள் உடையில்தான். ‘தேசிய உடை’ என்று எழுதுகிற நிறுவனங்கள் எது தேசிய உடை என்று பட்டியல் போடுவதில்லை. வாசலில் நிற்கும் ஊழியர் எந்த நாட்டுக்காரரோ, வேட்டியைப் பார்த்திருக்கிறாரோ இல்லையோ. அவருக்கு வேட்டிக்கும் கடற்கரையில் சுற்றிக்கொள்ளும் துணிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். விதி எழுதியவர் திறந்து வைத்த கதவை, வாசலில் நிற்பவர் நல்லெண்ணத்தோடேயே சாத்திவிட முடியும்.

தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறதே?

இருக்கிறது. 2014 ஜூலை 11 அன்று சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமன் திருப்பி அனுப்பப்பட்டார். சட்டமன்றத்தில் கட்சி வித்தியாசம் இல்லாமல் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி அல்லது வேறு இந்தியப் பாரம்பரிய உடை அணிந்தவரைப் பொது இடத்திலோ கிளப்பிலோ தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கிளப்பின் உரிமமும் ரத்தாகலாம்.

ஆனால் அந்தச் சட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு முடிகிறது. ஓசூர் தாண்டினாலே செல்லாது. 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்றில் வேட்டி கட்டிய முதியவரை உள்ளே விட மறுத்தபோது, கர்நாடக அரசு அந்த மாலை ஏழு நாள் மூடவைத்தது; அது அந்த அரசின் தனி நடவடிக்கை.

கடலில் நிலைமை இன்னும் சிக்கல். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைதான் ஒரு நாட்டின் கடல் எல்லை. அதைத் தாண்டிய பெருங்கடலில், கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே பேசும். பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் பஹாமாஸ், பெர்முடா, பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவானவை. நீங்கள் ‘ஐ அக்ரி’ தட்டிய டிக்கெட் ஒப்பந்தம்தான் அங்கே உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கும்.

இந்திய அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம் போன்ற இடங்களில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடை இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டுக்கே தனிச் சட்டம் தேவைப்பட்டது.

உண்மையில் யார் தடுக்கிறார்கள்?

நடைமுறையில் ஃபார்மல் நைட்டில் நம்மவர்களைத் தடுப்பது பெரும்பாலும் வாசல் ஊழியர் இல்லை. “எதுக்கு வம்பு, நாங்க பஃபேல சாப்பிட்டுக்கிறோம், நீங்க போங்க” என்று பெற்றோரே ஒதுங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகளும் “சரி, அவங்களுக்கு அதுதான் சௌகரியம்” என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கூச்சத்துக்கு வயது அதிகம். 1888-இல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய 18 வயது காந்தி, கத்தி-முள்கரண்டி பிடிக்கத் தெரியாத வெட்கத்தில் சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், கையோடு கொண்டுவந்த பலகாரங்களைக் கேபினிலேயே சாப்பிட்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவராகவே போகவில்லை.

பயணத்துக்குக் கொடுத்த காசில் அந்த இரவுச் சாப்பாடும் அடங்கும். அறுபதாம் கல்யாணத்துக்கென்று கூட்டிப்போன பயணத்தில், குடும்பமாக உட்காரக் கிடைக்கும் முக்கியமான இரவும் அதுதான். அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் வேறு தளத்தில் தட்டேந்தி நின்றால், பயணத்தின் நோக்கமே போச்சு.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

• எழுதிக் கேளுங்கள். ‘இந்தியத் தேசிய உடையான பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம் ஃபார்மல் நைட்டில் ஏற்கப்படுமா?’ என்று கம்பெனிக்கே மெயில் அனுப்புங்கள். டிராவல் ஏஜென்ட் வாயால் சொன்ன ‘ஓகே சார்’ போதாது. ஒரு போட்டோவையும் இணைத்தால் குழப்பம் குறையும். பதில் வந்ததும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் நெட் நம்பக்கூடியது அல்ல.

• வேட்டியையும் ஃபார்மலாக உடுத்துங்கள். சரிகைக் கரை வேட்டி, பட்டுச் சட்டை அல்லது மேலே பந்த்கலா. காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம். மூடிய ஷூ அல்லது நல்ல தோல் செருப்பு. டைனிங் ரூமில் மடித்துக் கட்டுவது கூடவே கூடாது. கைலி கேபினோடு சரி.

• காற்றை மறக்காதீர்கள். திறந்த டெக்கில் காற்று பலமாக அடிக்கும். வெல்க்ரோ வேட்டியோ பெல்ட்டோ இருந்தால் கவலை இல்லை. சேலைக்கு இரண்டு சேஃப்டி பின் கூடுதலாக எடுத்துவையுங்கள்.

• அயர்ன் பாக்ஸ் எடுத்துப்போகாதீர்கள். தீ அபாயம் என்பதால் பெரும்பாலான கப்பல்களில் கேபினுக்குள் தடை. ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கப்பலின் லாண்டரிக்குக் கட்டணம் உண்டு. பட்டை மடித்துச் சுருக்கமில்லாமல் வைக்கத் தனிப் பை போதும்.

• சைவம் என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள். உடை சரியாக இருந்து, தட்டில் சாலட் மட்டும் வந்தால் பயனில்லை.

• மறுத்தால்? வாசலில் சத்தம் போடுவதைவிட, மைத்ர டி எனப்படும் உணவக மேலாளரைக் கேளுங்கள். மெயிலைக் காட்டுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு.

புக்கிங் போடுவதற்கு முன்பே இந்த மெயிலை அனுப்புவது நல்லது. ‘முடியாது’ என்று பதில் வந்தால், உடை விதியே வைக்காத கப்பல்களும் இருக்கின்றன. காசு கொடுக்கும் முன் மாற்றிக்கொள்வது எளிது. ‘முடியும்’ என்று வந்தால், அதை அப்பாவிடம் முதலிலேயே படித்துக் காட்டுங்கள். பஃபே பக்கம் ஒதுங்கும் யோசனை அவருக்கு வருவதற்குள்.