தனியார் பள்ளியா? ஐந்தாம் படிவத்தில் எந்தத் தேர்வு என்று கேளுங்கள்

தோட்டத்தை ஒட்டிய சிறுபட்டணங்களில், தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை அரசாங்க இடைநிலைப்பள்ளிக்குப் போகும் என்பதில் முன்பு பேச்சே இருந்ததில்லை. இப்போது அங்கும் தனியார் பள்ளி பற்றி விசாரிக்கிறார்கள். யுபிஎஸ்ஆர் 2021-இலும் பிடி3 2022-இலும் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரியவில்லை என்ற கவலை பல பெற்றோருக்கு உண்டு. அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர்களுக்கு இருந்த 40 விழுக்காட்டு வரம்பும் 2012-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் தனியார் என்பது ஒரே வகைப் பள்ளியல்ல. தேசியக் கலைத்திட்டத்தைப் பின்பற்றும் தனியார் பள்ளி, எஸ்பிஎம் தேர்வுக்கு அனுப்பும். அனைத்துலகப் பள்ளி பெரும்பாலும் ஐஜிசிஎஸ்இ தேர்வுக்கு. தைப்பிங், தெலுக் இந்தான், குளுவாங் போன்ற ஊர்களில் சீன சமூகம் நடத்தும் தனியார் இடைநிலைப்பள்ளிகள் உண்டு. தமிழர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே சிறுபட்டணத்துப் பெற்றோர் கைக்கெட்டும் தூரத்தில் காண்பது பல வேளைகளில் கடைவீட்டு மாடியில் இயங்கும் கற்றல் மையம்தான். அது பள்ளியாகப் பதிவு பெற்றதா என்பதைக் கல்வி இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்பதற்குக் காசு இல்லை.

சிக்கல் பிறகுதான் தெரியும். மெட்ரிகுலேஷனுக்கும் ஆறாம் படிவத்துக்கும் எஸ்பிஎம் வேண்டும். அரசாங்க வேலைக்கு எஸ்பிஎம் மலாய்மொழி இல்லாமல் முடியாது. ஐஜிசிஎஸ்இ மாணவர் மலாய்மொழியைத் தனியார் தேர்வராக எழுதலாம். அதற்கு யார் பாடம் நடத்துவார்கள் என்று சேர்க்கும்போதே கேட்க வேண்டும். வசதியுள்ள குடும்பம் தனியார் கல்லூரிக்குப் போய்விடும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு, மலிவான உயர்கல்விக்கான வழியே இதனால் அடைபடுகிறது.

தமிழும் இதில் உண்டு. அரசாங்கப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக் கோரலாம். எஸ்பிஎம்மில் தமிழ்மொழியோடு தமிழ் இலக்கியமும் எடுக்கலாம். தனியார் பள்ளியில் அது அந்தப் பள்ளியின் விருப்பம்.

கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியை நம்புவோரும் உண்டு. அதன் கல்விக்கான மீட்பு உயர்கல்விக்கு மட்டுமே. 2024 மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கில் பணம் எடுக்கலாம் என்றாலும், தோட்டத் தொழிலாளியின் கணக்கில் ஐந்து ஆண்டுக் கட்டணத்துக்குப் போதுமான தொகை இருக்காது. பணம் தீர்ந்து மூன்றாம் படிவத்தில் அரசாங்கப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை, மலாய்மொழியிலும் வரலாற்றிலும் விட்டதைப் பிடிக்க இரண்டே ஆண்டுதான் மிச்சம்.