மாலைப்பொழுதும் மாணவர் வாழ்வும்

விழா மலர்களிலே பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபை நாமும் மதிக்கின்றோம். பெருமை பேசுதற்கு நம் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு யாதொரு குறைவுமில்லை. ஆயினும், பெருமையெல்லாம் பேசி முடிந்த பின்னரும் எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றுண்டு. இன்று இக்கலாசாலையிற் பயிலும் மாணவன் ஒருவன், ஒரு நாளில் எத்துணை நேரம் இதன் மாணவனாக வாழ்கின்றான்? இக்கேள்வியைப் பழைய மாணவர், ஆசிரியர், மாணவர் என்னும் முத்திறத்தார்க்கும் முன்வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி தோன்றிய வரலாற்றைச் சுருங்க நினைவுகூர்தல் ஈண்டு தகும். 19ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமார் கையிலிருந்தது. சைவப் பிள்ளை ஒருவன் ஆங்கிலங் கற்க விரும்பின், தன் சமய ஒழுக்கத்தைப் பள்ளி வாயிலிலே விட்டுச்செல்லும் நிலை பலவிடத்தும் இருந்தது. இந்நிலையை மாற்ற முயன்ற ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1872இல் ஆங்கில வித்தியாசாலை ஒன்றையும் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டினால் அது நிலைபெறவில்லை. 1879இல் நாவலர் மறைந்தார். அவர் எண்ணம் மறையவில்லை. 1886இல் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அவர்கள் நகரிலே நிறுவிய உயர்தரப் பாடசாலை, நியாயவாதி நாகலிங்கம் அவர்களின் கைக்கு மாறிற்று. பின்னர், 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபையின் பொறுப்பில் 1890இல் இந்து உயர்தரப் பாடசாலையாகி, காலப்போக்கில் இந்துக் கல்லூரி என்னும் பெயரோடு வண்ணார்பண்ணையிலே வேரூன்றிற்று. 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களிலே சுவாமி விவேகானந்தர் வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றியதும் இங்கேயே.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஆங்கிலமுங் கணிதமுங் கற்பிக்கும் பாடசாலைகள் அன்றும் யாழ்ப்பாணத்தில் இருந்தன. பாடம் மாத்திரமே வேண்டியிருப்பின், நம் முன்னோர் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டிப் புதிதாயொரு கலாசாலை எடுத்திருக்க வேண்டியதில்லை. பாடத்தோடு ஒரு வாழ்வையும் பிள்ளைகளுக்கு அளித்தல் வேண்டும் என்று கருதியதனாலேயே அவர்கள் அதனை எடுத்தார்கள். விடுதிச்சாலை எழுந்ததும், வளவினுள் வைரவர் கோயில் அமைந்ததும், நாகலிங்கம், சபாபதி, செல்வத்துரை முதலிய பெரியோர் பெயர் தாங்கி இல்லங்கள் வகுக்கப்பட்டதும் இக்கருத்தின் வழிவந்தவையே.

இனி, இக்காலக் கல்வி நிலையைப் பார்ப்போம். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் நம் கல்லூரி அரசினர் பாடசாலையாயிற்று. இன்று தேசிய பாடசாலைகளுள் ஒன்றாய் விளங்குகின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே உயர்ந்த புள்ளி பெற்ற சிறுவர் பலர் ஆறாந்தரத்தில் வந்து சேர்கின்றனர். பதினோராந்தரத்திலே ஒன்பது பாடங்களோடு க. பொ. த. சாதாரணதரப் பரீட்சை, பதின்மூன்றாந்தரத்திலே மூன்று பாடங்களோடு உயர்தரப் பரீட்சை. கணிதம், உயிரியல் ஆகிய பிரிவுகளிலே நம் மாணவர் பெறும் பெறுபேறு நாடறிந்தது. வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இங்கிருந்து சென்றோர் உலகின் பல நாடுகளிற் பணிபுரிகின்றனர். இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயின், இப்பெறுபேற்றிலே கல்லூரியின் பங்கு எவ்வளவு, தனியார் கல்வி நிலையங்களின் பங்கு எவ்வளவு என்று ஒரு பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். அவர் சற்றுத் தயங்கியே விடை சொல்வார். விடியற்காலையில் ஒரு வகுப்பு, பின்பு பாடசாலை, நண்பகல் கடந்து மணியடித்ததும் துவிச்சக்கரவண்டியில் அடுத்த வகுப்பு, இரவு விளக்கேற்றிய பின் வீடு. சனி ஞாயிறும் இவ்வாறே. உயர்தரப் பரீட்சை நெருங்குங் காலத்திலே வகுப்பறை வாங்குகள் வெறுமையாகின்றன. கல்லூரியின் பெயர் பரீட்சை விண்ணப்பத்தில் இருக்கின்றது. மாணவன் கல்லூரியில் இல்லை.

இந்நிலை ஒரு நாளில் வந்ததன்று. இதற்குக் காரணங்கள் உண்டு. 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், யாழ்ப்பாணத்து மாணவனுக்கு ஒவ்வொரு புள்ளியையும் வாழ்வா சாவா என்னும் நிலைக்கு ஆக்கிற்று. இன்றும் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமையடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்னும் முறையே நடைமுறையில் உள்ளது. இவற்றை நிர்ணயிக்கும் இசட் புள்ளியோ தசம தானங்களில் அளக்கப்படுவது. அதன்மேற் போர் வந்தது. மின்சாரம் இன்றிப் போத்தல் விளக்கொளியிலே பிள்ளைகள் படித்த ஆண்டுகள் பல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்ற பொழுது, கல்லூரிகளும் உடன் பெயர்ந்தன. நிலமும் தொழிலும் நிலையற்றுப்போன மக்களுக்குக் கல்வி ஒன்றே எடுத்துச்செல்லத்தக்க செல்வமாய் எஞ்சிற்று. ஆகவே, பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடுவோமல்லோம். அவ்வச்சம் அனுபவத்திற் பிறந்தது.

ஆயினும், அச்சம் நியாயமானது என்பதனால் அதன் விளைவெல்லாம் நன்மையாகிவிடாது. மாலைப்பொழுது கல்லூரியினின்றும் பறிபோனமையால் நேர்ந்த இழப்பு யாது?

முதலாவது, மைதானம். இல்ல மெய்வல்லுநர் போட்டியிலே ஓடுவதற்கும், துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் பயிற்சி பெறுவதற்கும் உரிய காலம் மாலையே. பதினொரு பேர் ஒருவரையொருவர் நம்பி ஆடவேண்டிய ஆட்டத்தை எந்தக் கல்வி நிலையமும் எந்தக் கட்டணத்துக்குங் கற்பிப்பதில்லை. தோற்ற அணியின் தலைவன் வென்ற அணியின் தலைவனுக்குக் கைகொடுக்கும் அந்தக் கணத்திலே கற்கும் பாடம் வினாத்தாளில் வருவதுமில்லை.

இரண்டாவது, மேடை. விவாதக் கழகமும், தமிழ் மன்றமும், வாணி விழாவும், நாடகமும் ஓய்வுள்ள பிள்ளைகளாலேயே நடத்தப்படுவன. குறிப்பைப் பிரதி செய்து மனனம் பண்ணிய மாணவன் பரீட்சையில் எழுதுவான். எழுந்து நின்று ஒருவருடைய கருத்தை மறுத்துப் பேச அறியான். முற்காலத்திலே யாழ்ப்பாணத்து இளைஞர் 1924இல் மாணவர் காங்கிரஸ் என்னுஞ் சபையைத் தோற்றுவித்தனர். 1927இல் மகாத்மா காந்தியடிகளை இங்கு அழைத்து வந்தவரும் அவ்விளைஞரே. அவர்களுக்குக் கூடிப் பேச மாலை இருந்தது.

மூன்றாவது, சமத்துவம். இதுவே எல்லாவற்றிலும் பெரியது. இலவசக் கல்வி என்று பெயர் சொல்லிக்கொண்டு, மெய்யான கல்வியைக் கட்டணத்துக்கு விற்கும் ஒழுங்கிலே மிகவும் துன்புறுபவன் யார்? தந்தை கடலுக்குச் செல்லும் தீவகத்துப் பிள்ளையும், தாய் ஒருத்தியின் உழைப்பில் வாழும் பிள்ளையுமே. வகுப்பிலே இப்பகுதியை வெளியிற் படித்திருப்பீர்கள் என்று ஓர் ஆசிரியர் கடந்து சென்றால், வெளியிற் படிக்க வசதியற்ற அப்பிள்ளை எங்கே படிப்பான்? நம் முன்னோர் பொருள் திரட்டிக் கலாசாலை எடுத்தது இப்பிள்ளைக்காக அன்றோ?

இனி, செய்யத்தக்கன யாவை? தனியார் கல்வி நிலையங்களை ஆணையிட்டு மூடுதல் எளிதன்று. அஃது எம் கோரிக்கையுமன்று. மாணவன் விரும்பித் தங்கும் இடமாகக் கல்லூரியை மாலையிலும் ஆக்குதலே வழி. கொழும்பிலும் இலண்டனிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்கு வாரி வழங்கியுள்ளன. அவர்களுக்கு நம் நன்றி என்றும் உரியது. ஆனால், கட்டடத்தைத் திறந்துவைப்பது ஒரு நாட் செயல். மாலைதோறும் திறந்துவைத்திருப்பதே நெடுநாட் செயல். நூல் நிலையமும் ஆய்வுகூடங்களும் மாலை 6 மணி வரை இயங்குதற்கு வேண்டிய ஊழியரின் வேதனத்தைச் சங்கங்கள் பொறுப்பேற்கலாம். உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞரும், திருநெல்வேலியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிலும் நம் பழைய மாணவரும், கல்லூரிக்குள்ளேயே தம் தம்பிமாருக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கலாம். கிழமையில் இரண்டு மாலைகளை மைதானத்துக்கும் மன்றங்களுக்கும் என ஒதுக்கி, அவ்வேளையில் வகுப்பு வைப்பதில்லை என்று நகரிலுள்ள தனியார் கல்வி நிலையத்தாரோடு பேசி இணக்கங் காணலாம். அங்கே கற்பிப்போரும் ஏதோவொரு கல்லூரியின் பழைய மாணவர் அன்றோ!

இவ்வாறு செய்தாற் பெறுபேறு வீழ்ந்துவிடும் என்பார் உளர். விளையாடிய மாணவனும் மேடையேறிய மாணவனும் பரீட்சையிலுஞ் சிறந்த காலத்தை இம்மலரைப் படிக்கும் முதியோர் பலர் கண்டவர்கள். ஐயமுறுவோர் அவர்களையே கேட்டறிக.

விழா மலர்களிலே பரீட்சைப் பெறுபேற்று அட்டவணை ஒன்று இடம்பெறுவது வழக்கம். எத்தனை பேர் மூன்று ஏ சித்தி பெற்றனர், எத்தனை பேர் மருத்துவ பீடம் புகுந்தனர் என்பன அதிலே அழகாக அச்சாகும். அடுத்த மலரிலே அதன் அருகில் இன்னுமோர் அட்டவணையும் வேண்டும் என்பது எம் அவா. எத்தனை மாணவர் ஏதேனும் ஓர் ஆட்டத்தில் ஆடினர், எத்தனை பேர் மன்றங்களிற் பேசினர், நூல் நிலையம் எத்தனை மாலைகள் திறந்திருந்தது, கட்டணமின்றி எத்தனை பிள்ளைகள் கல்லூரிக்குள் மேலதிகக் கல்வி பெற்றனர் என்பவற்றை அது கூறுதல் வேண்டும். அவ்வட்டவணையை நிரப்பும் பொறுப்பு அதிபருக்கு மாத்திரம் உரியதன்று. இம்மலரைக் கையிற் பிடித்திருக்கும் ஒவ்வொருவர்க்கும் உரியது.