இழுவையும் வலியும்: பழைய லாரி எஞ்சின் வேலையின் மொழி குறித்து

பழைய லாரி எஞ்சினை முழுதாகப் பிரித்து மீண்டும் கட்டுவதைப் பொறியியல் துறையினர் பழுதுநீக்கம் என்பர். போக்குவரத்துக் கொள்கை வகுப்போருக்கோ அது தள்ளிப்போடப்பட்ட கழிவு. இரண்டும் குறைப்பார்வை என்பதே என் கருத்து. அது அளவும் செவியும் சொல்லும் சேர்ந்த ஓர் அறிவுத்துறை. வாளையாறு முதல் போடிமெட்டு, குமுளி வரையிலான எல்லைச் சாலைகளில் அவ்வறிவு தமிழிலும் மலையாளத்திலும் ஒருசேர இயங்குகிறது. மொழியியல் துறைகள் அதைத் திரும்பிப் பார்க்காதிருப்பது எனக்கு வியப்பையும் சற்றே கோபத்தையும் தருகிறது.

ஒரு வினைச்சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஏற்றத்தில் திணறும் வண்டியைத் தமிழ் ஓட்டுநர் ‘இழுக்கவில்லை’ என்பார். மலையாள ஓட்டுநர் ‘வலிக்குந்நில்ல’ என்பார். தமிழ்க் காதுக்கு, வண்டிக்கு நோவு ஏதுமில்லை என்று சொல்வதுபோல் முதலில் ஒலிக்கும். ஆனால் துடுப்பு வலித்தல் என்று நாமும் சொல்கிறோம். இழுத்தல் என்னும் பொருள் தமிழில் அத்தகைய ஒதுங்கிய இடங்களில் தங்கிவிட்டது; மலையாளத்தில் அது இன்றும் நடுக்கூடத்தில் இருக்கிறது. எல்லைப்புறப் பட்டறையில் இவ்விரு வினைகளையும் எவரும் மொழிபெயர்த்துக்கொள்வதில்லை. இரண்டும் ஒரே நோய்க்குறியைச் சுட்டுகின்றன, வேலை தொடங்கிவிடுகிறது.

நம் கலைச்சொற் பட்டியல்கள் தரும் ‘செயல்திறன்’ என்ற சொல்லை அங்கே நான் கேட்டதில்லை. அதன் இடத்தில் இழுவை, மைலேஜ், புகை என்று மூன்று சொற்கள் நிற்கின்றன. பொறியியல் நோக்கிலும் இப்பகுப்பே துல்லியமானது. ஒன்றைக் கூட்டினால் மற்றது கெடக்கூடும். டீசல் பம்பில் அளவைக் கூட்டிவிட்டால் அன்றைக்கு இழுவை கூடும். உள்ளே வரும் காற்று அதே அளவுதான்; எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறும், வெப்பம் ஏறும், மைலேஜ் விழும், நாளடைவில் பிஸ்டன் தலையே உருகும். ‘செயல்திறன் மேம்பாடு’ என்ற ஒற்றைச் சொல் இம்முரண் முழுவதையும் மூடி மறைத்துவிடுகிறது.

புகையின் நிறங்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. கறுப்பு என்றால் டீசல் மிகை அல்லது காற்றுக் குறை. நீலம் என்றால் எஞ்சின் ‘ஆயில் குடிக்கிறது’, அதாவது ரிங் அல்லது வால்வு வழியே எண்ணெய் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல், இல்லையேல் ஹெட் கேஸ்கெட் வழியே கசியும் நீர். கருவி எதையும் எடுக்குமுன் நோய் பாதி கணிக்கப்பட்டுவிடுகிறது.

மீதியைக் கருவிகள் சொல்கின்றன. நேர்மையான எஞ்சின் வேலை என்பது பெரும்பகுதி அளப்பதுதான். சிலிண்டரின் போர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அதிகம், கீழே குறைவு. ஆகவே பல உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் இரு திசைகளில் அளக்கவேண்டும். பிறகே ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, புது ஸ்லீவ் இறக்குவதா என்ற முடிவு. கிராங்கைத் தொடாமல் ஹெட், பிஸ்டன், ரிங் அளவில் நிறுத்திக்கொண்டால் அது ‘அரை எஞ்சின்’. கிராங்க் கிரைண்டிங்கும் புது பேரிங்கும் சேர்ந்தால் ‘முழு எஞ்சின்’. கிராங்க் அளவைப் ‘பத்து தவ்’, ‘இருபது தவ்’ என்று சொல்வதைக் கேட்கலாம். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்தது 1956இல். லேத்தின் பேச்சிலிருந்து அங்குலம் இன்னும் ஓய்வுபெறவில்லை.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். டாட்டாவின் 697 எஞ்சினில் 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மி.மீ. விட்டம். அதற்கு முந்தைய 692இல் 92 மி.மீ. எண்ணே இங்கு பகுபதம். 1954இல் டைம்லர் பென்ஸ் கூட்டுறவோடு அந்நிறுவனம் லாரி கட்டத் தொடங்கியது. 1948இல் எண்ணூரில் பிறந்த அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியபின்னும் பம்பு இன்னும் ‘மைக்கோ பம்பு’தான்.

இனி, சர்ச்சைக்குரிய பகுதி. இழுவைக்காகப் பழைய எஞ்சினில் டர்போ ஏற்றுவதையும் பம்பைக் கூட்டுவதையும் நான் ஆதரிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தைத் தடுக்கிறது; கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. சட்டம் இருக்கட்டும், குளிரூட்டலும் பிஸ்டனும் அப்படியே இருக்கக் காற்றை மட்டும் அழுத்தித் திணிப்பது எஞ்சினுக்கே கேடு. மாறாக, தேய்ந்ததைத் தயாரிப்பாளரின் அளவுக்கு மீட்பது வேறு செயல். இழந்த கம்ப்ரஷன் திரும்பினாலே இழுவையும் மைலேஜும் கூடும், புகை குறையும். அதிகாரிகளும் சில ஆய்வுக்கட்டுரையாளர்களும் இவ்விரண்டையும் ஒரே கூடையில் போடுகிறார்கள். பட்டறையோ இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. முன்னதைப் ‘பம்பு ஏத்துறது’ என்பர், பின்னதை ‘எஞ்சின் வேலை’ என்பர்.

எத்துணை நேர்த்தியாகக் கட்டினாலும் 697 எஞ்சின் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 வரம்புகளை எட்டாது. காற்றைப் பற்றிக் கவலைப்படுவோரின் வாதத்தை நான் மறுக்கவில்லை. 2021இன் வாகனக் கழிப்புக் கொள்கையும் வணிக வாகனங்களின் தகுதிச் சோதனைகளும் இவ்வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்கும். பல இடங்களில் விலக்கவும் வேண்டும். புதிய வண்டிகளில் எரிபொருளளவைக் கணினி தீர்மானிப்பதால் பம்புத் திருகின் அறிவுக்கு அங்கே இடமில்லை.

வண்டி போகட்டும், அதைக் கேட்டறிந்த செவியும் சொல்லும் பதிவின்றிப் போவதே என் கவலை. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ் மொழிச் சிறுபான்மையினர் வாழ்கின்றனர். அவர்களின் தொழிற்பேச்சைப் பள்ளிப்பாடநூல் தமிழும் அறியாது, திருவனந்தபுரத்தின் மலையாளமும் அறியாது. வட்டார வழக்கு என்றதும் உறவுமுறைப் பெயர், வேளாண்சொல், விடுகதை என்று கிளம்பும் நாம், கிரீஸ் படிந்த சொல்லைக் கண்டதும் ‘ஆங்கிலக் கலப்பு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். ‘ஃபீலர் கேஜ்’ என்பது ‘பில்லர் கேஜ்’ ஆவது ஒலியியல் நிகழ்வு. ‘டேப்பட் வைப்பது’ என்பதில் ‘வை’ என்னும் வினை ‘இடைவெளியைச் சரிசெய்’ என்ற பொருளை ஏற்பது பொருண்மையியல் நிகழ்வு. இவை ஆய்வேட்டுக்குத் தகுதியற்றவை என்று சொல்வோர் காரணத்தையும் சொல்லவேண்டும்.

தமிழ், மொழியியல் துறைகளில் முதுகலை செய்வோர் ஆண்டுக்கு ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் இறக்கும் நாள் முதல் முதல் ஸ்டார்ட் வரை ஒலிப்பதிவு செய்யுங்கள். இரு மொழியிலும் எழுத்துப்பெயர்ப்பு வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் அது சுட்டும் பாகத்தின் படம் வேண்டும். பேசியவருக்கு அவர் நாட்கூலி தரப்படவேண்டும். பொறியியல் துறையிலிருந்து ஒருவர் கூடவே வரட்டும். நீலப்புகையை அவர் விளக்கட்டும், ‘குடிக்கிறது’ என்பதை நாம் விளக்குவோம்.