அர்-ராஸியைப் பகிர்ந்தால் மட்டும் போதுமா?



அந்தப் பதிவு எங்கட வட்ஸ்அப் குழுமங்களில் திரும்பவும் சுற்றுகிறது. "பீனிசத்தை உலகத்துக்கே முதலில் சொன்னது முஸ்லிம் வைத்தியர்." கீழே வரிசையாக 'மாஷா அல்லாஹ்'. நாமும் போட்டோம்.

விசயத்தில் உண்மை இருக்கிறது. ரய் நகரத்து அபூபக்கர் அர்-ராஸி (865–925) ஒரு சிறு நூல் எழுதினார். அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கிக்கு வசந்த காலத்தில் ரோஜாவை முகர்ந்தால் ஏன் மூக்கு வடிகிறது என்பதே அதன் பொருள். பருவம் பார்த்து வரும் பீனிசம் பற்றிய மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

அவர் சொன்ன விடை இன்றைக்கு நிற்காது. அது அக்காலத்து நாற்சாரக் கோட்பாடு. பெருமைப்பட வேண்டியது அவர் கேட்ட கேள்விக்கு. "தடிமன் எல்லாருக்கும் வரும்தானே" என்று விடாமல், இந்த மனிசனுக்கு, இந்தப் பருவத்தில், இந்தப் பூவால் ஏன் வருகிறது என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பிறகு தூக்கிக்கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள். 1819இல் லண்டனில் ஜோன் பொஸ்டொக் என்ற வைத்தியர், கோடை வந்தால் தன் கண்ணும் மூக்கும் படும் பாட்டை மருத்துவச் சங்கத்தில் வாசித்தார். தன்னைப் போன்றவர்களைத் தேடி, 1828இல் 28 பேரின் விபரத்தோடு திரும்ப வந்தார். மான்செஸ்டரில் சார்ல்ஸ் பிளக்லி புல்லின் மகரந்தத்தைத் தன் மூக்குக்குள்ளேயே வைத்துப் பரீட்சித்து, 1873இல் நூலாக்கினார். 1906இல் வொன் பிர்கே 'அலர்ஜி' என்று பெயர் வைத்தார். 1960களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வீட்டுத் தூசிக்குள் முக்கிய எதிரியைப் பிடித்தார்கள்: மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி.

இனி எங்கட வகுப்பறைக்கு வாருங்கள். பிள்ளை காலையிலேயே பத்துத் தரம் தும்முகிறது. வீட்டில் "சளி" என்று சொல்லி, பாமசியில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின் குளிசையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் குளிசை நித்திரையாக்கும். இரண்டாம் பாடத்தில் பிள்ளை தலையை மேசையில் வைக்கிறது. நாம் என்ன செய்தோம்? "இரவு போனைப் பார்த்தாயா?" என்று ஏசி, எழுப்பி நிற்கவைத்தோம். வெண்கட்டித் தூள் பறக்கும் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்தோம். சோம்பேறி என்று பெயரும் வைத்தோம். ஆசிரியர்களாகிய நாம் செய்த அநியாயம் இது. ஒத்துக்கொள்வோம்.

"ஒழுங்காக உளூச் செய்தால் பீனிசம் வராது" என்று சிலர் மேடையிலும் சொல்கிறார்கள். மூக்கைக் கழுவுவது நல்லதுதான். ஆனால் அல்-பல்கியும் உளூச் செய்தவர்தானே? ஒருவர் திரும்பவும் தும்மியபோது, அவருக்குத் தடிமன் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. தொடர் தும்மலை நோயாகப் பார்ப்பது ஈமானுக்குக் குறைவில்லை.

எனவே உம்மாமாரே, வாப்பாமாரே, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தும்மல் எப்போது வருகிறது? பாயைத் தட்டும்போதா? நுளம்புத்திரி கொளுத்தினாலா? சாம்பிராணிப் புகைக்கா? வெட்டு மெஷின் வயலில் இறங்கும் நாளிலா? தறிக்கொட்டிலின் பஞ்சுத் தூசிக்கா? அந்தக் கொப்பியோடு டொக்டரிடம் போங்கள். நித்திரை குறைந்த குளிசைகள் இருக்கின்றன, மூக்குக்கு அடிக்கும் மருந்தும் இருக்கிறது. எது பொருத்தம் என்று அவர் சொல்லட்டும். கவனிக்காத பீனிசம் ஆஸ்துமாவோடு கைகோர்க்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தலையணை உறையைச் சுடுதண்ணீரில் கழுவ டொக்டர் தேவையில்லை.

சக ஆசிரியர்களே, தூங்குகிற பிள்ளையை ஏச முதல், காலையில் என்ன குளிசை குடித்தாய் என்று ஒரு தரம் கேட்போம்.

அர்-ராஸியின் பதிவை அடுத்த தரம் பகிர முதல், நாளைக்கு ஸுபஹுக்கு எழும்பும்போது உங்கட பிள்ளை எத்தனை தரம் தும்முகிறது என்று எண்ணிப் பாருங்கள்.