உறைந்த வாஃபிளின் சத்துக் கணக்கு

அமெரிக்கக் காலைகளில் டோஸ்டரிலிருந்து துள்ளி எழும் உறைந்த வாஃபிள், 1953இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஃபிராங்க் டோர்சா சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு. பின்னாளில் அதற்கே 'எகோ' என்று பெயர். இரும்புச்சத்து, பி வைட்டமின் என்று பெட்டி பெருமை பேசும். கோதுமையை மைதாவாக்கும்போது தவிட்டோடு போனதில் கொஞ்சத்தைத் திருப்பிப் போட்டதற்கா இத்தனை தம்பட்டம்? பின்பக்கத்தைப் படியுங்கள்: சாதாரண வகையில் இரண்டுக்குச் சுமார் 180 கலோரி, புரதம் 4 கிராம், நார்ச்சத்து பேருக்குத்தான். உப்பும் குறைவில்லை. உறையவைத்ததில் குற்றமில்லை. மேலே ஊற்றும் சிரப்பைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பல வீடுகளில் அது மேப்பிள்கூட அல்ல, வெறும் சோளச் சர்க்கரைப் பாகு. முழுக்கோதுமை வகையை வாங்குங்கள். பாகுக்குப் பதில் பீநட் பட்டரும் பழமும் வையுங்கள்.